தரவு வேலையில் இறங்கும் பிள்ளைகளுக்கு

ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பஞ்ச் கார்டு இருந்த காலத்தில் தரவு வேலைக்கு வந்தவன் நான். அதன் பிறகு காந்த நாடா வந்தது, ஃப்ளாப்பி வந்தது, எக்செல் வந்தது. இப்போது வாயால் கேட்டாலே அட்டவணை போட்டுத் தரும் செயலிகள் வந்துவிட்டன. கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன. தப்பு நுழையும் இடங்கள் மட்டும் அன்றைக்கு இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

உங்கள் கணினிப் பாடத்தில் உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என்று மூன்று கட்டம் போட்டு இடையில் அம்புக்குறி வரைந்திருக்கும். தேர்வுக்கு அது போதும், வேலைக்குப் போதாது. முதல் கட்டத்துக்குள் ஓர் எண் எப்படி வந்து சேர்ந்தது, யார் யாரிடம் கேட்டார்கள், கேட்டதை எப்படி எழுதினார்கள் என்பதையெல்லாம் கணினி ஒருநாளும் விசாரிக்காது. கொடுத்ததைக் கூட்டும், வகுக்கும், வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். விசாரிக்க வேண்டியவர்கள் நீங்கள். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் அந்த விசாரணையைப் பற்றித்தான்.

1. கணினியைத் திறக்கும் முன் கேள்வியை நோட்டில் எழுதுங்கள்.

"எங்கள் வகுப்பில் எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள்?" என்பது சுலபமான கேள்வியாகத்தான் தெரியும். கேட்கத் தொடங்கினால் சிக்கல் புரியும். ஒருத்தி காலையில் அப்பாவின் பைக்கில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் போகிறாள். ஒருவன் மழை நாளில் மட்டும் பஸ் ஏறுகிறான். இன்னொருவன் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்கிறான். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதை எண்ணி முடித்த பிறகு யோசித்தால், நமக்கு வேண்டிய விடைக்குத் தக்கபடி ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் மனசு துணிந்துவிடும். முன்னாலேயே தீர்மானித்து எழுதி வைத்துவிட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைத்தான் செய்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம் என்று படித்திருப்பீர்கள். எழுத்தறிவு பெற்றவர் என்றால் யார்? 7 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏதாவதொரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார், ஆனால் எழுதத் தெரியாது என்றால் அவர் அந்த 80-க்குள் வரமாட்டார். ஐந்து வயதிலேயே கதைப் புத்தகம் படிக்கிற குழந்தையும் வராது. அந்த வயதுக் குழந்தைகளை மொத்தத்திலிருந்தே கழித்துவிட்டுத்தான் சதவீதம் போடுகிறார்கள். முன்பு ஐந்து வயதை எல்லையாக வைத்திருந்தார்கள், 1991-லிருந்து ஏழு. இது தெரியாமல் பழைய சதவீதத்தையும் புதிய சதவீதத்தையும் அருகருகே வைத்து "இவ்வளவு உயர்ந்துவிட்டது" என்று எழுதினால் அந்த வாக்கியமே தப்பு. வரையறையைப் படிக்காமல் எண்ணை எடுத்து ஆளாதீர்கள்.

2. எப்போது அளந்தது, எந்த அலகில் அளந்தது?

மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை தினமும் காலை 8:30 மணிக்கு மழைமானியை அளந்து, அதுவரை முடிந்த 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதும். 2015 டிசம்பர் 1-ம் தேதி பகலும் இரவும் சென்னையைப் புரட்டிப்போட்ட மழையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது, டிசம்பர் 2 காலை 8:30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில். ஆகவே பதிவேட்டில் அது டிசம்பர் 2-ம் தேதி மழை. ஏரியில் திறந்துவிட்ட தண்ணீரின் கணக்கை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எழுதிய ஒரு பட்டியலோடு இதைச் சேர்த்து வைத்தீர்களென்றால், தண்ணீர் முதலில் போய் மழை அப்புறம் பெய்ததுபோலக்கூடத் தெரியலாம். இரண்டு பட்டியலும் சரிதான். அவற்றைச் சேர்த்தவர் நாள் எங்கே தொடங்குகிறது என்று கேட்கவில்லை.

அலகும் அப்படியே. நாளிதழில் 49 என்று வரும், வேறொரு பட்டியலில் 490 என்று இருக்கும். ஒன்று சென்டிமீட்டர், மற்றது மில்லிமீட்டர். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனதற்குக் காரணம் இதுதான். ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு கணக்கில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. அலகை நெடுவரிசைத் தலைப்பிலேயே எழுதுங்கள்: "மழை" என்று விட்டுவிடாமல், "மழை (மி.மீ., காலை 8:30 வரை)" என்று.

3. ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒரு கட்டத்துக்கு ஒரு செய்தி.

"ராஜா, 10பி, சைக்கிள்" என்று ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். அழகுக்காகக் கட்டங்களை இணைக்காதீர்கள். சிவப்பு அடித்தால் ஃபீஸ் கட்டாதவர், மஞ்சள் என்றால் விடுதி மாணவர் என்று நிறத்தில் சேதி வைக்காதீர்கள். நிறத்தைக் கூட்ட முடியாது, வேறொரு செயலிக்கு மாற்றினால் நிறம் கூடவே வராது. அந்தச் செய்திக்கென்று தனி நெடுவரிசை போடுங்கள்.

4. இலக்கமாக இருப்பதெல்லாம் எண் அல்ல.

கூட்டினால் ஏதாவது பொருள் வருமா என்று கேட்டுப் பாருங்கள். உயரத்தைக் கூட்டலாம், மதிப்பெண்ணைக் கூட்டலாம். நாற்பது பேருடைய செல்பேசி எண்ணைக் கூட்டி என்ன செய்வது? செல்பேசி எண், பின்கோடு, ஆதார், பரீட்சைப் பதிவெண் எல்லாமே இலக்கத்தில் எழுதிய பெயர்கள்தான். எக்செலுக்கோ லிப்ரே ஆபீஸ் கால்க்குக்கோ இது தெரியாது. சென்னையின் 044 என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைக் கழித்துவிட்டு 44 என்று வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு இலக்க ஆதாரை எக்செலில் அடித்தால் புள்ளி வைத்த அடுக்குக்குறி எண்ணாகச் சுருக்கிக் காட்டும். பதினாறு இலக்கமுள்ள எண் என்றால் இன்னும் மோசம். எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு எப்படி மாற்றியும் அது திரும்பி வராது. அதனால் அடிக்கத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று அமைத்துவிடுங்கள்.

தேதியும் இதே சிக்கல்தான். 03/04/2010 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் இருக்கிற கணினிக்கு மார்ச் 4. நாளின் எண் 12-க்கு மேல் போனால்தான் குட்டு வெளிப்படும். அதுவரை எல்லாத் தேதியும் சரியானதுபோலவே இருக்கும். 2010-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் குழப்பமும் இல்லை, வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும்.

பெரிய படிப்பாளிகளையும் இந்தத் தேதி விட்டுவைக்கவில்லை. மனித ஜீன்களில் மார்ச்1, செப்ட்2 என்பதுபோலச் சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் எக்செலில் அடித்ததும் அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாறிப்போயின. எக்செலில் ஜீன் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மென்பொருள் மாறும் என்று காத்திருக்காமல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது.

5. பெயர்களில்தான் நம் பாடு அதிகம்.

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுத் தரவை எடுத்தால் பாதி நேரம் இதற்கே போகும். பிறந்த ஊரை எழுதச் சொல்லி ஒரு வகுப்பில் தாள் சுற்றவிட்டால் இப்படித்தான் திரும்பி வரும்: திருச்சி, திருச்சிராப்பள்ளி, திருச்சிராபள்ளி, ட்ரிச்சி, மறுபடியும் ஒரு திருச்சி. அந்தக் கடைசி "திருச்சி"க்குப் பின்னால் யாரோ தெரியாமல் ஸ்பேஸ் பாரைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு முதலாவதும் ஐந்தாவதும் ஒன்றுதான். பல செயலிகளுக்கு அவை வேறு வேறு ஊர். ஊர்வாரியாக எண்ணச் சொன்னால் அது ஒரே ஊரை ஐந்தாகப் பிரித்து வைக்கும். அதில் எதுவும் முதலிடத்துக்கு வராது. உண்மையில் வகுப்பில் அதிகம் பேர் பிறந்த ஊர் அதுவாகவே இருக்கலாம்.

இதற்கு ஒரே வழி, முன்னாலேயே பட்டியல் கொடுத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்வது, அல்லது குறியீடு கொடுப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் ஊருக்கும் குறியீட்டு எண் வைத்திருப்பது இதற்காகத்தான். 2011-ல் தமிழ்நாட்டுக்கு 33. ஊர்ப்பெயரை எப்படி எழுதினாலும் குறியீடு ஒன்றுதான்.

ஆள்பெயர் இன்னும் கடினம். எஸ்.குமார், எஸ் குமார், குமார் எஸ், குமார் சுப்பிரமணியன்: நால்வரா, ஒருவரா? நம் முன்னெழுத்து வழக்கம் வெளிநாட்டில் எழுதிய மென்பொருளுக்குப் பிடிபடாது. அது "எஸ்" என்பதைப் பெயராகவும் "குமார்" என்பதைக் குடும்பப்பெயராகவும் எடுத்துக்கொள்ளும். முன்னெழுத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பவே வேண்டாம். உங்கள் பள்ளியில் சேர்க்கை எண் இருக்கிறது, எமிஸ் எண் இருக்கிறது. இரண்டு பட்டியலைச் சேர்க்கும்போது அந்த எண்ணை வைத்துச் சேருங்கள்.

தமிழில் அடித்த பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்போதும் கவனம் வேண்டும். யூனிகோடில் நம் எழுத்துகள் வைக்கப்பட்டிருக்கிற இடமும் நாம் படித்த நெடுங்கணக்கும் ஒன்றல்ல. அங்கே ந-வுக்கு அடுத்து ன, அதற்கு அடுத்துத்தான் ப. நம் வரிசையில் ன கடைசி எழுத்து. ஆகவே பைதானில் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கனகா முன்னாலும் கபிலன் பின்னாலும் வருவார்கள். அகராதியில் தேடினால் கபிலன்தான் முதலில். வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடும்போது பெயர் விடுபட்டதுபோல் தோன்றினால் இதையும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் கையில் கிடைத்தால், முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கல்.

6. காலியிடம் வேறு, பூஜ்யம் வேறு.

ஐந்து பேர். மதிப்பெண் 60, 70, 80, 90. ஐந்தாவது பிள்ளை காய்ச்சலில் பரீட்சைக்கு வரவில்லை. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் சராசரி 60. காலியாக விட்டால் கணினி நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளும், சராசரி 75. பதினைந்து மதிப்பெண் வித்தியாசம், ஒரே ஒரு கட்டத்தால். மழைமானியிலும் இதேதான். மழை இல்லாத நாள் பூஜ்யம். அளப்பவர் லீவில் போன நாள் காலியிடம். இரண்டையும் கலந்துவிட்டால் பெய்த மழையும் பெய்யாததாகிவிடும்.

வெற்றிடத்தைக்கூட வெறுமனே விடாதீர்கள் என்பேன். பக்கத்தில் ஒரு நெடுவரிசை வைத்துக் காரணம் எழுதுங்கள்: வரவில்லை, சொல்ல மறுத்தார், தாள் கிழிந்திருந்தது. ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறப்பவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அது.

7. இரண்டு கை படாத தரவை நம்பாதீர்கள்.

பஞ்ச் கார்டு காலத்தில் ஒருவர் விவரத்தைப் பார்த்து அட்டையில் துளை போடுவார். அதே தாளை வைத்து இன்னொருவர் வேறு எந்திரத்தில் மறுபடி அடிப்பார். இரண்டும் ஒத்துவராத இடத்தில் எந்திரம் நின்றுவிடும். இரட்டைச் செலவு என்று யாரும் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் ஒருவர் செய்யும் தப்பை அதே இடத்தில் அதேபோல இன்னொருவரும் செய்வது அபூர்வம். அதற்கும் முன்னால், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் செய்த எந்திரத்தில் ஒரு மணி இருந்தது. அட்டை ஒழுங்காகப் பதிவானால் மணி அடிக்கும், அடிக்காவிட்டால் அந்த அட்டையை எடுத்துத் தனியே வைத்துப் பார்ப்பார்கள். 1880 கணக்கெடுப்பைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டு பிடித்தது. அடுத்த முறை மொத்த மக்கள்தொகை சில மாதங்களில் வெளிவந்தது. வேகத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு அந்த மணிதான் முக்கியம்.

நம் நாட்டில் பி.சி.மஹலநோபிஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் பயிரைக் கணக்கெடுத்தபோது, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு தனிக் குழுக்களை அனுப்பினார். இரண்டு குழுவின் விடையும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகிப்போனால் அந்த விலகலே எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடும். அவர் பிறந்த ஜூன் 29-ஐத்தான் நாம் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

எண்ணுக்குள்ளேயே சோதனையை வைக்கும் வழியும் உண்டு. வீட்டிலிருக்கும் ஏதாவது புத்தகத்தின் பின்னட்டையைப் பாருங்கள். 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண் இருக்கும். முதல் இலக்கத்தை 1-ஆல், அடுத்ததை 3-ஆல், அதற்கடுத்ததை 1-ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்தில் முடியும். கடைசி இலக்கம் அதற்காகவே சேர்க்கப்பட்டது. ஓர் இலக்கம் தப்பாக அடித்தால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். 1-உம் 6-உம் போல ஐந்து வித்தியாசமுள்ளவை இடம் மாறினால் மட்டும் தப்பித்துவிடும். ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடக் கணக்கு. ஆதாரின் கடைசி இலக்கமும் இப்படிச் சோதனைக்காக வைத்ததுதான், முறை மட்டும் வேறு.

8. மூல ஃபைலில் கை வைக்காதீர்கள்.

வந்ததை வந்தபடியே ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு பிரதியில் வேலை செய்யுங்கள். என்னென்ன மாற்றினீர்கள் என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள்: "வயது 141 என்றிருந்தது, விண்ணப்பத்தைப் பார்த்து 14 என்று திருத்தினேன்." விண்ணப்பத்தைப் பார்க்க முடியாவிட்டால் 14 என்று ஊகித்து எழுதாதீர்கள். 41 ஆகவும் இருக்கலாம். காலியாக விட்டுக் காரணம் எழுதுங்கள். "கடைசி", "கடைசி2", "உண்மையான கடைசி" என்று ஃபைலுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டுத் தேதியைப் பெயராக வையுங்கள்.

9. சராசரியைச் சொல்லும் முன் படம் போட்டுப் பாருங்கள்.

எட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் தொலைவு, கிலோமீட்டரில்: 1, 1, 2, 2, 3, 3, 4, 40. சராசரி 7. ஏழு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவர் அந்த எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால், அதாவது இடைநிலை, 2.5. இந்த வகுப்பைப் பற்றி அதுதான் நெருக்கமாகச் சொல்கிறது. ஆனால் 40-ஐ "தப்பாயிருக்கும்" என்று நீக்கிவிடாதீர்கள். போய்க் கேளுங்கள். 4.0 என்று எழுதியதில் புள்ளி விழாமல் போயிருக்கலாம். நிஜமாகவே ஒரு பிள்ளை விடிகாலையில் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வரலாம். அப்படியென்றால் அந்தப் பட்டியலிலேயே உங்கள் தலைமையாசிரியர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி அந்தப் பிள்ளைதான்.

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-ல் நான்கு சின்னப் பட்டியல்களைத் தயாரித்தார். நான்கிலும் சராசரி கிட்டத்தட்ட ஒன்றே, பரவலும் ஒன்றே, பொருத்திய கோடும் ஒன்றே. வரைபடமாகப் போட்டால் ஒன்று சாய்ந்த புள்ளிக் கூட்டம், ஒன்று வளைவு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. கண்ணால் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயதுவாரியாக எத்தனை பேர் என்ற பட்டியலை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். 30, 35, 40, 45, 50 வயதுகளில் கோடு மேலே எகிறும். நடுவில் உள்ள வயதுகளில் பள்ளம். அந்தந்த ஆண்டுகளில் மட்டும் அதிகக் குழந்தைகள் பிறந்தார்களா? இல்லை. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களிடம் வயது கேட்டால் "நாப்பது இருக்கும்" என்பார்கள். கணக்கெடுப்பவர் 40 என்று எழுதிக்கொள்வார். இந்தியக் கணக்கெடுப்புகளில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் விஷயம் இது. அதைக் கண்டுபிடித்துச் சமன் செய்யவே தனி முறைகள் இருக்கின்றன. அந்த எகிறலுக்குள் பாட்டிமார், தாத்தாமார் வாசலில் நின்று சொன்ன பதில்கள் இருக்கின்றன என்பதை மறக்காமல் வரைபடத்தைப் பாருங்கள்.

10. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை?

ஒவ்வொரு படியிலும் வரிகளை எண்ணுங்கள். 412 விண்ணப்பம் வாங்கினால், அடித்த பிறகு 412 வரி இருக்க வேண்டும். பிரித்துத் தொகுத்த பிறகு பிரிவுகளின் கூட்டுத்தொகையும் 412 ஆக வேண்டும். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் விட்டதால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்தபோது பழைய வகை எக்செல் ஃபைலைப் பயன்படுத்தினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. மேலே வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை 15,841 பேருடைய தொற்று விவரம் தினசரிக் கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது.

இன்னொரு கதை உங்களைப் போன்ற ஒரு மாணவரைப் பற்றியது. 2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது என்றது அது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல் தலைவர்கள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் வகுப்புப் பாடமாக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் ஆசிரியர்களிடமே ஃபைலைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி போடும் சூத்திரம் இருபது நாடுகளை எடுக்க வேண்டியது, ஐந்து வரி முன்னாலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் இல்லை. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதையும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையையும் சேர்த்துத் திருத்தியபோது மைனஸ் 0.1 என்பது 2.2 ஆயிற்று. 2013-ல் அது வெளியானதும் ஆசிரியர்கள் சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்டார்கள்.

பெரியவர்கள் சொன்ன எண் என்று பயந்து விட்டுவிடாதீர்கள். ஃபைலைக் கேளுங்கள். உங்களிடம் யாராவது கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

11. அடுத்தவர் விவரம் உங்களுடையது அல்ல.

சக மாணவர்களிடம் தரவு சேகரிக்கும்போது தேவையானதை மட்டும் கேளுங்கள். பள்ளிக்கு வரும் தொலைவைப் பற்றிய திட்டத்துக்கு ஆதார் எண் எதற்கு, சாதி எதற்கு, அப்பாவின் சம்பளம் எதற்கு? கேட்டு வாங்கிவிட்டால் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். பெயர் இருக்கும் பட்டியலை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். ஒருமுறை போனது போனதுதான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். "10பி, பெண், 40 கிலோமீட்டர்" என்றாலே வகுப்புக்குத் தெரியும் அது யார் என்று. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. உங்கள் வயதுப் பிள்ளைகளைத்தான் அது சொல்கிறது. ஏதாவது செயலி உங்களிடம் விவரம் கேட்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. வீட்டிலிருக்கும் ஈபி கார்டிலிருந்து தொடங்குங்கள்.

கணினி இல்லையென்றாலும் பரவாயில்லை, ஒரு கோடு போட்ட நோட்டு போதும். கணினி இருந்தால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகவே கிடைக்கிறது. மின்சார ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து எழுதிவிட்டுப் போகும் தேதியையும் மீட்டர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். அடுத்த ரீடிங்கிலிருந்து முந்தையதைக் கழித்தால் செலவான யூனிட். ஆனால் இரண்டு ரீடிங்குக்கு நடுவில் எப்போதும் சரியாக அறுபது நாள் இருக்காது. ஒருமுறை 57, ஒருமுறை 64 என்று வரும். ஆகவே யூனிட்டை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தனி நெடுவரிசை போடுங்கள். அதை வரைபடமாக்கினால் கோடைகாலம் தானே எழுந்து நிற்கும். எங்காவது யூனிட் மைனஸில் வந்தால் பயப்பட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அநேகமாக அந்தச் சமயத்தில் மீட்டர் மாற்றியிருப்பார்கள், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும். கோடை இல்லாத மாதத்தில் கோடு திடீரென்று ஏறியிருந்தால், அந்த வாரங்களில் வீட்டில் யார் தங்கியிருந்தார்கள், புதிதாக என்ன வாங்கினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு, அந்த வரிக்கு நேரே குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.